இம்பாலில் ஜப்பானியர் தோற்றது 1944 மார்ச்சிலா, அதற்கு முன்பேயா?

மலைவழி:

இரண்டாம் உலகப்போரின் பர்மாக் களத்தைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் 1944 மார்ச்சில் ஜப்பானியர் பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் நுழைந்து நடத்திய இம்பால் போர் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. முட்டகுச்சி ரென்யா என்னும் முரட்டுத் தளபதி ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறினார், மாடுகள் செத்தன, பின்னாலேயே படையும் செத்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுகிறோம். செங்கிஸ்கானின் மந்தையை முன்மாதிரியாகக் கொண்டு, நடந்து வரும் உணவாக மாடுகளையும் ஆடுகளையும் அவர் சேர்த்தது உண்மைதான். அவற்றில் பெரும்பகுதி பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதும், கால் வைக்க இடமில்லாத மலைச்சரிவுகளிலும் போய்விட்டன என்பதும் உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 85,000 பேர் கொண்ட ஒரு படை, மூன்று வாரச் சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு எதிரி நாட்டுக்குள் நுழைய எப்படித் துணிந்தது என்ற கேள்விக்கு மாட்டு மந்தையைப் பதிலாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

முட்டகுச்சி பாதையோரத்தில் கிடைக்கும் உணவை நம்பிப் புறப்பட்டவரல்லர். அவர் நம்பியது ஆங்கிலேயரின் கிடங்குகளை. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற அரிசி, டின் உணவு, பெட்ரோல், லாரி எல்லாவற்றையும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே தெற்கே நகர்ந்து 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பிடித்தது. அப்படிச் சிக்கிய சரக்குக்குச் ‘சர்ச்சில் ரேஷன்’ என்று சிப்பாய்களே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் படையெடுப்பில் 18-ஆவது டிவிஷனை நடத்தியவர் இதே முட்டகுச்சி. பக்கவாட்டில் சுற்றிப்போய்ச் சாலையை அடைத்தால் எதிரி கலங்கி ஓடுவான், ஓடும்போது கிடங்கை விட்டுவிட்டு ஓடுவான் என்ற பாடத்தை அவர் ஏட்டில் படிக்கவில்லை, தன் கண்ணால் கண்டார். 1944-இல் அந்தப் பாடத்தைத்தான் திரும்பவும் நடத்திப் பார்த்தார். அது ஏன் பலிக்கவில்லை என்பதைப் பற்றி நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

கணக்கப்பிள்ளை:

மலைவழி ஐயா, நீங்கள் முட்டகுச்சிக்கு வக்கீலாக நிற்கிறீர்களோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. கண்ணால் கண்ட பாடம் என்கிறீர்கள். அதே கண்ணால் அவர் வேறொன்றையும் கண்டிருந்தார். அஸ்ஸாமுக்குள் படையெடுக்கும் யோசனை 1942-இலேயே பேசப்பட்டபோது, அந்த மலையும் காடும் பெரிய படைக்குத் தாங்காது என்று எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். 1943-இல் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் என்னும் ஊடுருவல் படை அதே மலைகளைத் தாண்டி பர்மாவுக்குள் வந்து போனதைப் பார்த்த பிறகுதான் அவருடைய எண்ணம் தலைகீழாக மாறியது. ஆங்கிலேயனால் தாண்ட முடிந்தால் நம்மால் முடியாதா என்று கேட்டவர், விங்கேட்டின் ஆட்களுக்கு வானத்திலிருந்து மூட்டை விழுந்துகொண்டிருந்ததை மட்டும் வசதியாக மறந்துபோனார்.

அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. முட்டகுச்சி தளபதியாக இருந்த 15-ஆவது ராணுவத்தில் அவருடைய பணியாளர் குழுத் தலைவராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) இருந்த ஒபாட்டா நொபுயோஷி போக்குவரத்துத் துறையில் தேர்ந்தவர். சிந்த்வினுக்கு அப்பால் இத்தனை பேருக்குச் சோறும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்க்க வழியே இல்லை என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கைத் திருத்துவதற்குப் பதிலாகக் கணக்குப் போட்டவரை 1943-இல் பதவியிலிருந்து தூக்கினார்கள். பிறகு மூன்று டிவிஷன் தளபதிகளும் போருக்கு நடுவிலேயே நீக்கப்பட்டார்கள். 33-ஆவது டிவிஷனின் யனகிடா மே மாதத்திலும், 15-ஆவதின் யமவுச்சி ஜூனிலும், 31-ஆவதின் சாட்டோ ஜூலையிலும் போனார்கள். ஒரு படைத்தலைவர் தன் கீழுள்ள மூவரையும் ஒரே போரில் நீக்கிய நிகழ்ச்சி அந்த ராணுவத்திலேயே மிக அரிது. பாடம் பலிக்கவில்லை என்று நீங்கள் மெல்லச் சொல்வதை, சொன்னதைக் கேளாமல் கெட்டார் என்று நான் சொல்கிறேன்.

கம்பிச்சடக்கு:

வணக்கம். பேராக் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் இதுவரை எல்லாரும் சிந்த்வின் ஆற்றின் மேற்குக் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கரைக்கு ஜப்பானியர் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கேட்டால்தான் கதை தொடக்கத்திலிருந்து வரும்.

1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு, சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் விடுவது ஜப்பானியருக்கு நாளுக்கு நாள் ஆபத்தாயிற்று. பர்மாவில் இருக்கும் படைக்கு நிலவழியாகச் சரக்கு அனுப்பத்தான் சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையைப் போட்டார்கள். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகளின் கதையை உலகம் அறியும். அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில், இரண்டு லட்சம் அளவில், ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பர்மியர், சாவகர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லயம் லயமாக அள்ளிச்செல்லப்பட்ட நம் ஆட்களும் அதில் இருந்தார்கள். கைதிகளில் 12,000-க்கு மேல் மாண்டார்கள். நம் ஆட்களை யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

எங்கள் பாட்டி ரயில் பாதையைக் கம்பிச் சடக்கு என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அடுத்த பேச்சு வாந்திபேதியாகத்தான் இருக்கும். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம்களுக்குள் புகுந்தபோது, கைதிகளிடமாவது அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்டினார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அப்படிச் சொல்லவும் ஆள் இல்லை. பாட்டியின் அண்ணன் போகும்போது ஒரு தகரக் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாராம். வந்தவர்கள் அந்தக் குவளையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

விஷயத்திற்கு வருகிறேன். அந்தப் பாதை நாளொன்றுக்கு 3,000 டன் சரக்கைக் கொண்டுபோக வேண்டும் என்பது முதல் திட்டம். அவசரத்தில் அதை 1,000 டன்னாகக் குறைத்தார்கள். மரப்பாலங்களின் மேல் ஓடிய, விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டே இருந்த பாதை அந்த அளவையும் ஒழுங்காகத் தரவில்லை. இம்பாலுக்குப் போன படையின் முதுகெலும்பு இதுதான். 15-ஆவது டிவிஷனையே சயாமில் சாலை போடும் வேலைக்குப் பல மாதம் நிறுத்தி வைத்திருந்ததால், தாக்குதல் தொடங்கிய நாளில் அதன் பட்டாலியன்கள் சில வந்து சேர்ந்திருக்கவே இல்லை. ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில், மார்ச்சுக்கு முன்பே என்பதுதான்.

மலைவழி:

கம்பிச்சடக்கு அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 15-ஆவது டிவிஷனின் தாமதத்தை நான் படித்திருக்கிறேன். அதை இந்த ரயில் பாதையோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு பதில். ஒபாட்டாவின் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கைப் போட்டிருந்தால் மலாயாவிலும் அவர்கள் இறங்கியிருக்கக் கூடாது. சிங்கப்பூர் வாசலில் நின்றபோது மலாயாப் படையெடுப்பின் தளபதி யமஷிட்டாவிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, எதிரே நின்றவர்கள் அவருடைய ஆட்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணக்கை மீறி ஒருமுறை வென்றவனிடம் மறுமுறை கணக்கைக் காட்டினால் அவன் கேட்பானா?

என் பார்வையில், முட்டகுச்சி கேட்டிருக்க வேண்டிய பாடம் 1944 பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கானில் நடந்தது. இம்பாலுக்கு ஆங்கிலேயர் துணைப்படை அனுப்பாதபடி திசைதிருப்புவதற்காக அங்கே ஒரு தாக்குதல் நடத்தினார்கள். வழக்கம்போலச் சுற்றிப்போய், 7-ஆவது இந்திய டிவிஷனின் தலைமையகத்தையே சிதறடித்து, தளபதி மெசர்வியைக் கால்நடையாக ஓட வைத்தார்கள். 1942-ஆக இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சின்ஸ்வேயா என்ற இடத்தில், மலைகளுக்கு நடுவே வயல்வெளிபோலக் கிடந்த ஒரு சரக்குத் தளத்தில், எழுத்தர்களும் கோவேறு கழுதை ஓட்டிகளும் சமையற்காரர்களும் காலாட்படையோடு சேர்ந்து நின்றுவிட்டார்கள். பிப்ரவரி 5 முதல் 23 வரை வானத்திலிருந்து உணவும் குண்டும் விழுந்துகொண்டே இருந்தன. சுற்றி வளைத்தவர்கள்தான் பட்டினி கிடந்து கலைந்தார்கள். அவர்களும் சில நாள் உணவோடு வந்தவர்கள், இந்தக் கிடங்கை நம்பி வந்தவர்கள். அவர்கள் ஒரு கள மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றதும் அந்த நாட்களில்தான். நின்றவர்கள் சரணடைய எண்ணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 7 வாக்கில் 33-ஆவது டிவிஷன் இம்பாலிலிருந்து தெற்கே போகும் திட்டிம் சாலையை நோக்கி நகர்ந்தது. 15 அன்று மற்ற இரண்டும் சிந்த்வினைக் கடந்தன. நடுவில் மார்ச் 5 இரவிலிருந்து விங்கேட்டின் ஆட்கள் கிளைடர்களிலும் டகோட்டா விமானங்களிலும் பர்மாவின் நடுவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாக்குதலைத் தள்ளிவைத்து முதலில் அதைக் கவனிக்க வேண்டும் என்று ஜப்பானிய விமானப்படைத் தளபதி தாசோயே சொன்னார். அதற்கும் முட்டகுச்சி செவிசாய்க்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்தவில்லை, கணக்கப்பிள்ளை ஐயா. அங்கே நீங்கள் வென்றீர்கள்.

புதியவன்:

நான் இந்தக் களத்தைப் பற்றி இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சிறு கேள்வி. திட்டிம் சாலையில் 109-ஆவது மைல்கல்லில் இருந்த கிடங்கை ஜப்பானியர் பிடித்தார்கள் என்றும், அதே 109-ஆவது மைல்கல்லில்தான் ஜூன் 22 அன்று இம்பால் முற்றுகை உடைந்தது என்றும் இரண்டு இடத்தில் பார்த்தேன். அப்படியானால் பிடித்த கிடங்கு அவர்கள் கையிலேயே மூன்று மாதம் இருந்ததா?

கணக்கப்பிள்ளை:

தம்பி, அவை இரண்டும் வெவ்வேறு மைல்கற்கள், குழம்பாதவர்கள் குறைவு. முதலாவது இம்பாலிலிருந்து தெற்கே திட்டிம் போகும் சாலையில், இம்பாலிலிருந்து எண்ணி 109. இரண்டாவது திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்கு வரும் சாலையில், திமாப்பூரிலிருந்து எண்ணி 109. அது இம்பாலுக்கு வடக்கே முப்பது மைல் தொலைவுக்குள் வரும்.

தெற்கே இருந்த கிடங்கை மார்ச் மூன்றாம் வாரத்தில் 33-ஆவது டிவிஷன் பிடித்தது. ஆனால் திட்டிமிலிருந்து பின்வாங்கி வந்துகொண்டிருந்த கோவனின் 17-ஆவது இந்திய டிவிஷன் சில நாட்களிலேயே அதை மீட்டு, ஏற்ற முடிந்ததை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இம்பாலுக்குப் போய்விட்டது. வாய்க்கு எட்டிய சோறு தட்டிப் பறிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இருக்காது. யனகிடா அதன் பிறகு தயங்கியதையும், முட்டகுச்சி அவரைக் கோழை என்று முடிவுகட்டியதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பாறைக்குயில்:

நான் சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் காரணமாக நாகாலாந்தில் இருந்தபோது கோஹிமா போர்க் கல்லறைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். அங்கே என்னை நிறுத்தி வைத்தவை அந்த மேடுகளின் பெயர்கள். ஒன்றுக்கு எஃப்.எஸ்.டி. மேடு என்று பெயர், களச் சரக்குக் கிடங்கு என்பதன் சுருக்கம். அடுத்தது டி.ஐ.எஸ். மேடு, அன்றாடப் பொருள் வழங்கும் இடம். அதற்கு அப்பால் ஜி.பி.டி. முகடு, போக்குவரத்துக்காரர்கள் இருந்த இடம். உலகப் போரின் மிகக் கொடிய நேருக்கு நேர் சண்டைகளில் ஒன்று நடந்த மேடுகளுக்கு எந்த வீரனின் பெயரும் வைக்கப்படவில்லை. அரிசியும் மாவும் லாரியும் நின்ற இடங்கள் என்பதால் வந்த பெயர்களே நின்றுவிட்டன. மலைவழி அவர்கள் சொல்லும் கிடங்குக் கதைக்கு இதைவிடச் சான்று எதற்கு?

டி.ஐ.எஸ். மேட்டில் ரொட்டி சுடும் பெரிய செங்கல் அடுப்புகள் இருந்தன. ஏப்ரல் 8 அன்று அங்கே புகுந்த ஜப்பானியர் சிலர் அந்த அடுப்புகளுக்குள்ளேயே பதுங்கிவிட்டார்கள். ராயல் வெஸ்ட் கென்ட் படையைச் சேர்ந்த லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன் ஒவ்வோர் அடுப்பாகப் போய், மூடியைத் தூக்கி, கைக்குண்டின் ஊசியை எடுத்து நெம்புகோலை விட்ட பின் இரண்டு நொடி கையிலேயே வைத்திருந்து உள்ளே போட்டார். உடனே போட்டால் எடுத்துத் திருப்பி எறிய நேரம் கிடைத்துவிடும் என்பதால் அப்படி. மறுநாள் இன்னொரு தாக்குதலில் அவர் மாண்டார், விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸின் கீழ் கோஹிமாவைக் காத்து நின்றவர்கள் ஏறத்தாழ 2,500 பேர், அவர்களில் போரிடத் தக்கவர் 1,500 அளவில்தான். எதிரே சாட்டோவின் டிவிஷன் முழுதும். ஜி.பி.டி. முகடு முதலிலேயே பறிபோனதால் தண்ணீரும் போயிற்று. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குவளை அளவு தண்ணீர் கிடைத்தது. பின்னர் லாரி டயரின் உள்குழாய்களில் தண்ணீரை நிரப்பி விமானத்திலிருந்து போட்டார்கள். போட்டதில் பாதி சரிந்து எதிரியின் பக்கம் விழுந்தது. அப்படி விழுந்த மோர்ட்டார் குண்டுகளை, பிடிபட்ட பிரிட்டிஷ் மோர்ட்டார்களிலேயே போட்டு ஜப்பானியர் திருப்பிச் சுட்டார்கள். இரண்டு மைல் மேற்கே ஜோட்சோமாவில், தாமும் வளைக்கப்பட்டிருந்த 161-ஆவது பிரிகேடின் மலைப் பீரங்கிகள் அங்கிருந்தபடியே குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தது இல்லாவிட்டால் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது.

துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாவுக்கு மேலே இருந்த டென்னிஸ் மைதானத்தில், இரு பக்கமும் கைக்குண்டு எறியும் தூரத்தில் குழிபறித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார்கள். அந்த மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை இன்று கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கல்லறை வரிசை. மேலே ஏறினால் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேரின் பெயர்கள் தனியே பொறிக்கப்பட்ட நினைவிடம் இருக்கிறது. வருபவர்கள் பெரும்பாலும் டென்னிஸ் மைதானத்தோடு திரும்பிவிடுகிறார்கள், நூறு படிகூட இல்லை, ஏறிப் பார்க்க வேண்டும்.

புதியவன்:

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் பாறைக்குயில் அவர்களுக்கும் நன்றி. அப்படியானால் சாட்டோ ஏன் கோஹிமாவில் முட்டிக்கொண்டு நிற்காமல், 46 மைல் தள்ளியிருந்த திமாப்பூருக்குப் போகவில்லை? அங்கேதானே ஆங்கிலேயரின் பெரிய கிடங்கு முழுவதும் இருந்தது?

மலைவழி:

இந்தக் களத்தில் அதிகம் வாதிடப்பட்ட கேள்வி இது. திமாப்பூர் தளம் பதினோரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்டது, காவலுக்குத் தேர்ந்த படை என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஜப்பானியர் கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்ட்டுக்கு மேல் அனுப்ப மாட்டார்கள் என்று தான் கணித்தது பிழை என்பதைப் பதினான்காவது ராணுவத் தளபதி ஸ்லிம் தன் நினைவு நூலில் மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாட்டோ கோஹிமாவை ஒரு சிறு படையால் அடைத்துவைத்துவிட்டு மீதியோடு திமாப்பூருக்குப் போயிருந்தால் தன் நிலை மிக மோசமாயிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

முட்டகுச்சிக்கு அது தெரியாமல் இல்லை. ஏப்ரல் 8 வாக்கில் திமாப்பூருக்கு முன்னேறு என்று ஆணையிட்டார், ஒரு பட்டாலியன் புறப்படவும் செய்தது. அவருக்கு மேலே இருந்த கவாபே, தரப்பட்ட இலக்கு கோஹிமாதான் என்று சொல்லி அந்த ஆணையைத் திரும்பப் பெற வைத்தார். கிடங்கை நம்பிப் படையெடுத்தவரை, கிடங்கின் வாசலில் வைத்து, எழுதிய தாளைக் காட்டித் தடுத்துவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை:

இதில் நான் உடன்படவில்லை. திமாப்பூருக்குப் போயிருந்தால் வென்றிருப்பார்கள் என்பது வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்களின் கணக்கு. மார்ச் 19 முதலே 5-ஆவது இந்திய டிவிஷனை அரக்கானிலிருந்து, துப்பாக்கி, ஜீப், கோவேறு கழுதை எல்லாவற்றோடும் விமானத்தில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்காக, இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அமெரிக்க விமானங்களில் 20-ஐ நேசப்படைத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் கேட்டு வாங்கினார். 2-ஆவது பிரிட்டிஷ் டிவிஷன் ரயிலில் வந்துகொண்டிருந்தது. மார்ச் 21 முதல் 26 வரை சங்ஷாக்கில் 50-ஆவது பாராசூட் பிரிகேடு தன்னையே அழித்துக்கொண்டு, சாட்டோவின் கீழிருந்த மியாசாக்கியின் ரெஜிமெண்ட்டைப் பிடித்துவைத்தபோதே திமாப்பூருக்கான நேரம் போய்விட்டது. கோஹிமாவுக்குக் கிழக்கே ஜெசாமியிலும் கராசோமிலும் அஸ்ஸாம் ரெஜிமெண்ட் பையன்கள் தாங்கிய நாட்களையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டாலியன் பசியோடு போய்ச் சேர்ந்திருந்தால், கிடங்கைப் பிடித்திருக்கும் என்பதைவிட, கிடங்கு எரிவதைப் பார்த்திருக்கும் என்பதே என் எண்ணம்.

திருவல்லிக்கேணிவாசி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? தமிழர் பலர் அங்கே போரிட்டார்கள் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன்.

கம்பிச்சடக்கு:

ஐயா, இம்பால் பக்கம் வந்தது முகமது சமான் கியானியின் முதல் டிவிஷன், ஏறத்தாழ 6,000 பேர். ஷாநவாஸ் கானின் சுபாஷ் பிரிகேடு சின் மலைகளிலும், காந்தி பிரிகேடு பலேல் விமானத்தளத்தின் பக்கத்திலும் இருந்தன. ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் ஷவுகத் மாலிக் கொடி ஏற்றினார். முதல் டிவிஷனில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் பிடிபட்ட பழைய இந்திய ராணுவத்தினர். எங்கள் தோட்டங்களிலிருந்து சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் பின்னர் திரட்டப்பட்ட அணிகளில் இருந்தார்கள், 1945-இல் ஐராவதிக் கரையில் நின்ற நேரு பிரிகேடில் அவர்கள் கணிசம்.

பசியைப் பொறுத்தவரை, ஜப்பானியர் தங்கள் ஆட்களுக்கே கொடுக்க முடியாததை இவர்களுக்குக் கொடுத்திருப்பார்களா? கனரக ஆயுதம் இல்லை, கொசுவலை போதவில்லை, ரேஷன் வரிசையில் கடைசி இடம். சண்டையில் விழுந்தவர்களைவிட மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் பலியானவர்கள் அதிகம். சயாமில் கம்பி போட்டவனும் மொய்ராங்கில் கொடி பிடித்தவனும் சில வேளை ஒரே தோட்டத்து அண்ணன் தம்பி. எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

கணக்கப்பிள்ளை:

அடுத்த பக்கத்தின் கணக்கையும் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஆங்கிலேயரும் வானத்திலிருந்து பிறந்த சரக்கில் போரிடவில்லை. கல்கத்தாவிலிருந்து பர்பதிப்பூர் வரை அகல ரயில் பாதை, அங்கே எல்லாவற்றையும் இறக்கி மீட்டர் பாதை வண்டியில் ஏற்ற வேண்டும், பின் பிரம்மபுத்திராவில் அமீன்காவ் கரையில் பெட்டிகளைப் படகில் ஏற்றிப் பாண்டு கரையில் இறக்க வேண்டும். அந்த ஆற்றுக்கு அங்கே பாலம் வந்ததே 1962-இல்தான். தேயிலைச் சிப்பம் ஏற்றப் போட்ட பாதை அது. 1944 மார்ச்சில் அமெரிக்க ரயில்வேப் படையினர் அதைப் பொறுப்பேற்று நீண்ட வண்டிகளை வேகமாக ஓட்டத் தொடங்கினார்கள்.

பாராசூட் பட்டு கிடைக்காதபோது ஸ்லிமின் நிர்வாகத் தலைவர் ஸ்னெல்லிங் கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களிடம் போனார். ஒரு மாதத்திற்குள் சணலால் பாராசூட் செய்து கொடுத்துவிட்டார்கள். விலை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். வழக்கமானதற்கு 20 பவுண்டுக்கு மேல் ஆகும். ஆளைக் கட்டி இறக்க முடியாது, அரிசி மூட்டைக்குப் போதும். ஏப்ரல் 18 முதல் ஜூன் 30 வரை இம்பாலுக்கு விமானத்தில் போன சரக்கு 19,000 டன்னை ஒட்டி வரும், ஆட்கள் 12,000-க்கு மேல். அப்படியும் ரேஷனை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத்தான் உண்டார்கள். திரும்பிய விமானங்களில் காயம்பட்டவர்களையும், போரிடாத வாய்களையும் ஏற்றி வெளியே அனுப்பினார்கள்.

மலேரியாவையும் சொல்ல வேண்டும். 1943-இல் காயம்பட்டு வெளியேறிய ஒருவருக்கு நோயால் வெளியேறியவர் 120 பேர் என்ற நிலை இருந்தது. மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரையைத் தினமும் விழுங்க வைத்தார்கள், திடீரென்று சோதனை போட்டு, விழுங்காதவர்கள் அதிகமிருந்தால் கட்டளை அதிகாரியின் வேலையைப் பறித்தார் ஸ்லிம். மூன்று பேரை நீக்கியதோடு எல்லாரும் வழிக்கு வந்துவிட்டார்களாம். முட்டகுச்சியும் மூவரை நீக்கினார், இவரும் மூவரை நீக்கினார், எதற்காக என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாறைக்குயில்:

அந்த ரயில் பாதையைப் புகழும்போது, 1943-இல் அது புறப்பட்ட வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் சோறில்லாமல் ஊர்களிலும் கல்கத்தா நடைபாதைகளிலும் விழுந்து செத்தார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டியிருக்கிறது. படைக்கு வண்டி கிடைத்தது. ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திவிடுவார்கள் என்று கடலோர மாவட்டங்களின் படகுகளை அரசே முன்கூட்டிப் பறிமுதல் செய்திருந்ததால், ஆற்றோர மக்களுக்கு நெல்லைக் கொண்டுபோகப் படகுகூட இல்லை. நாகர்களும் பாரம் சுமந்தார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், தங்கள் ஊர் எரிவதையும் பார்த்தார்கள். இரண்டு பேரரசுகளின் கிடங்குக் கணக்கிலும் அவர்கள் வரவில்லை.

மலைவழி:

ஏற்கிறேன். அதைத் தனி இழையாகத் தொடங்கினால் நானும் எழுதுகிறேன்.

இங்கே முடிவுப் பகுதியை எழுதிவிடுகிறேன். புறப்படும் முன் சாட்டோ, தனக்கு அரிசியும் குண்டும் அனுப்பப்படும் என்ற உறுதியை 15-ஆவது ராணுவத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். மே மாதம் மழை இறங்கியபோது, புறப்பட்ட நாளிலிருந்து ஒரு தோட்டாவும் ஒரு மணி அரிசியும் வரவில்லை என்று தந்தி அடித்தார். மே இறுதியில் ஆணையை மீறித் தன் டிவிஷனைத் திருப்பிக்கொண்டு நடந்தார், சாலையைத் தடுத்து நிற்க மியாசாக்கியிடம் சில நூறு பேரை விட்டுவிட்டு. ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லவே அவர் விரும்பினார். அவரை விசாரித்தால் மேலே உள்ளவர்களையும் விசாரிக்க வேண்டிவரும் என்பதால், மனநிலை சரியில்லை என்று சொல்லி வழக்கில்லாமல் முடித்துவிட்டார்கள்.

ஜூன் 6 அன்று கவாபே முட்டகுச்சியின் முகாமுக்கு வந்தார். இருவருக்கும் போர் முடிந்துவிட்டது தெரியும். நிறுத்தலாம் என்று முட்டகுச்சி கேட்கவில்லை, தன் முகத்தைப் பார்த்துக் கவாபே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். கவாபேயும் கேட்கவில்லை. கைவிடும் ஆணை ஜூலையில்தான் வந்தது. அந்த ஒரு மாத மௌனத்தில், கொட்டும் மழையில், பெரிபெரி என்னும் சத்துக்குறை நோயும் சீதபேதியும் கண்டு தமு வழியாகச் சிந்த்வினை நோக்கித் தவழ்ந்தவர்கள் விழுந்த பாதைக்கு ஜப்பானியரே வெள்ளெலும்புச் சாலை என்று பெயர் வைத்தார்கள். போன 85,000 பேரில் மாண்டவர்கள் 30,000 அளவில், அவர்களில் பெரும்பகுதி பசியாலும் நோயாலும்.

திருவல்லிக்கேணிவாசி:

தமு என்கிறீர்களே, அதற்கு எதிரே இந்தியப் பக்கம் உள்ள மோரேயில் நம் தமிழர்கள் இருக்கிறார்கள். 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பவும் நடந்தே பர்மாவுக்குப் போகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள். அங்காள பரமேசுவரி கோயில்கூட இருக்கிறது. அந்த ஊர் இந்தப் போரில் வருகிறதா?

கணக்கப்பிள்ளை:

வருகிறது ஐயா, மலைவழியின் கேள்விக்கு நேராகவே வருகிறது. பர்மாவுக்குள் முன்னேறுவதற்காக ஆங்கிலேயர் மோரேயில் பெரிய கிடங்கு ஒன்று கட்டியிருந்தார்கள். கிரேசியின் 20-ஆவது இந்திய டிவிஷன் ஷெனாம் மேடுகளுக்குப் பின்வாங்க வேண்டி வந்தபோது, மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலுமாக அதை ஒழுங்காகக் காலி செய்தார்கள். கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோனார்கள், மீதியைக் கொளுத்தினார்கள், ஓட்டிச்செல்ல முடியாத மாடுகளையும் வெட்டிப்போட்டார்கள். அடுத்து அங்கே நுழைந்த ஜப்பானியருக்குப் புகைதான் கிடைத்தது.